மழைநீரைத் தேக்கும் பசுமைப் பணிகள்: செலவு யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

தெருவோர மரக்குழிகள், மழைத் தோட்டங்கள் (மழைநீர் வந்து தேங்கி மண்ணில் இறங்கும்படி தாழ்வாக அமைத்த செடிப் பாத்திகள்), நீரை உள்ளே விடும் நடைபாதைத் தளங்கள் ஆகியவற்றைக் கொண்டு மழைநீர் ஓட்டத்தைக் குறைக்கும் முறை குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அக்கடிதங்களில் பணம் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். செடி எது, குழி எவ்வளவு ஆழம் என்பவற்றுக்கு விடை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. செலவுக் கணக்கைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் மழை வெள்ளத்துக்காகப் பெரிய சுரங்கங்களை நம்பாமல், தெருவோரங்களில் மரக்குழிகளும் தோட்டங்களும் அமைத்துச் சமாளிக்கிறது என்று படித்தேன். பல ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் என்கிறார்களே, அந்தப் பணத்தைத் தருவது யார்? – ஓர் ஆசிரியை, தாம்பரம்.

பதில்: சுருக்கமாகச் சொன்னால், அந்நகரத்து மக்களும் நிறுவனங்களும் மாதந்தோறும் கட்டும் தண்ணீர்க் கட்டண ரசீதிலிருந்துதான் அந்தப் பணம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள, அந்நகரம் ஏன் இந்த வேலையில் இறங்கியது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிலடெல்பியாவின் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பகுதியில் வீட்டுக் கழிவுநீரும் தெருவின் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. சாதாரண நாள்களில் அது முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பலத்த மழை பெய்தால் குழாய் கொள்ளாமல், கழிவும் மழையும் கலந்த நீர் டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளில் வழிந்துவிடும். அந்த ஆறுகளிலிருந்தே நகரம் குடிநீரும் எடுக்கிறது என்பதால், இது அழகுபடுத்தும் வேலையன்று, சட்டப்படி செய்தே தீர வேண்டிய கடமை. 2011ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலச் சுற்றுச்சூழல் துறையுடன் நகரம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 25 ஆண்டுகளில், சுமார் 240 கோடி டாலர் செலவில், பெரும்பாலும் பசுமை அமைப்புகளைக் கொண்டே இந்த வழிதலைக் குறைப்பது என்பது அதன் சாரம்.

அவர்கள் வகுத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. தளம் போட்டு மூடிய ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் மழையின் முதல் ஓர் அங்குலத்தை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டால், அது ‘ஒரு பசுமை ஏக்கர்’ என்று கணக்கில் ஏறும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். இத்தகைய ஏக்கர்கள் 9,500க்கும் மேல் வேண்டும் என்பது மொத்த இலக்கு. முதல் பத்தாண்டு முடிந்த 2021இல் 2,100 ஏக்கரைத் தாண்டியிருந்தார்கள். எத்தனை மரம் நட்டோம், எத்தனை பூங்கா திறந்தோம் என்று எண்ணாமல், எத்தனை லிட்டர் நீர் குழாய்க்குள் போகாமல் நின்றது என்று எண்ணியதால்தான், ‘ஒரு பசுமை ஏக்கருக்கு எவ்வளவு செலவாகிறது’ என்று கேட்க முடிந்தது. அப்படிக் கேட்க முடிந்த பிறகு, அரசு நிலத்தில் தோண்டுவதைவிடத் தனியார் நிலத்தில் செய்யவைப்பது மலிவாக இருக்குமானால் அங்கே பணத்தைக் கொண்டுபோகலாம் என்ற முடிவுக்கும் வர முடிந்தது.

அதைத்தான் செய்தார்கள். புதிதாகப் பெரிய கட்டடம் கட்டுவோர் தம் மனையில் விழும் மழையின் குறிப்பிட்ட அளவைத் தாமே தேக்க வேண்டும் என்று 2006இலேயே விதி வந்துவிட்டது. அந்தச் செலவு நகரத்தின் தலையில் விழாது. ஏற்கெனவே கட்டப்பட்ட இடங்களுக்கு 2012 முதல் மானியம் தரத் தொடங்கினார்கள். 2014இல் இன்னொரு மானியத் திட்டம் வந்தது. பல உரிமையாளர்களின் நிலங்களை ஒரு நிறுவனம் ஒன்றுசேர்த்து, குறைந்தது 10 ஏக்கருக்கான திட்டமாகக் கொண்டுவந்தால் மொத்தமாக மானியம் பெறலாம். தனித்தனியாக ஒவ்வொரு பள்ளிக்கூட முற்றத்துக்கும் கோப்பு நகர்த்துவதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

கேள்வி: நான் அம்பத்தூரில் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். வெளிநாடுகளில் கூரையின் அளவையும் சிமென்ட் தளத்தின் அளவையும் பார்த்து மழைநீர்க் கட்டணம் போடுகிறார்களாம். வானத்திலிருந்து விழும் மழைக்கு வரியா? இது நியாயமா? – வாசகர், சென்னை.

பதில்: தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இதே கோபம் அமெரிக்காவில் ஓர் ஆட்சி மாற்றத்துக்கே துணைபோயிருக்கிறது. மேரிலாந்து மாநிலம் 2012இல், பெரிய மாவட்டங்கள் ஒன்பதும் பால்டிமோர் நகரமும் மழைநீர்க் கட்டணம் வசூலித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயர் வைத்தார்கள். 2014 ஆளுநர் தேர்தலில் வென்ற லாரி ஹோகன் அந்த வரியை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். 2015இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. எனவே தாங்கள் கேட்பது புதிய கேள்வி அல்ல.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டணம் மழைக்குப் போடப்படுவதில்லை. மழையைத் தன் நிலத்தில் இறங்கவிடாமல் தெருவுக்குத் தள்ளிவிடுவதற்குத்தான் கட்டணம். மண் தரையாக இருந்தபோது பெரும்பகுதி நீரை உறிஞ்சிக்கொண்ட மனை, சிமென்ட் போட்ட பிறகு ஏறக்குறைய முழுவதையும் வெளியே அனுப்புகிறது. அந்த நீரை ஏந்திக்கொள்ள யாரோ ஒருவர் வாய்க்கால் வெட்ட வேண்டும், அல்லது கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர் முழங்கால் அளவு நீரில் நிற்க வேண்டும். ஆகவே இந்தச் செலவு இன்றும் இருக்கிறது. அதை இப்போது சுமப்பவர் தாழ்வான பகுதியில் வீடு வைத்திருப்பவர்.

பிலடெல்பியாவில் 2010க்கு முன்பு மழைநீர்ச் செலவைத் தண்ணீர் மீட்டரின் அளவை வைத்துப் பிரித்தார்கள். அதன் விளைவைப் பாருங்கள். பல ஏக்கர் பரப்பில் தார் போட்ட வண்டி நிறுத்துமிடத்துக்குக் குடிநீர் இணைப்பே இல்லையென்றால், அதற்கு மழைநீர்க் கட்டணமும் இல்லை. சிறிய மனையில் உயரமாக நிற்கும், நிறையத் தண்ணீர் பயன்படுத்தும் கட்டடம் ஒன்று, அந்த நிறுத்துமிடத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தது. 2010இலிருந்து நான்கு ஆண்டுகளில் படிப்படியாக இதை மாற்றினார்கள். வணிக மனைகளுக்கு அவற்றின் மொத்தப் பரப்பையும், அதைவிட முக்கியமாக மூடிய பரப்பையும் கணக்கிட்டுக் கட்டணம் வந்தது. வீடுகளுக்குச் சராசரி அளவில் ஒரே தொகை.

கிடங்குகளும் பெரிய முற்றங்களும் வைத்திருந்தவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு ஏறியது உண்மை. அவர்களுக்காக ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் உயராது என்று வரம்பு வைத்தார்கள். மூடிய பரப்பில் விழும் நீரைத் தேக்கிக் காட்டினால் கட்டணத்தில் கழிவும், அதாவது தள்ளுபடியும், கொடுத்தார்கள். தங்களைப் போன்ற தொழில்முனைவோருக்கு இந்தக் கழிவுதான் முக்கியம் என்பேன். வரி என்பது கட்டிவிட்டு மறக்க வேண்டியது. இதுவோ, முற்றத்தின் ஒரு மூலையைத் தோண்டி மழைத் தோட்டம் ஆக்கினால் குறைத்துக்கொள்ளக்கூடியது.

நீதிமன்றங்களுக்கும் இந்த வேறுபாடு முக்கியமாகவே இருந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் லேன்சிங் நகரம் விதித்த மழைநீர்க் கட்டணம், பெயரில் கட்டணமாக இருந்தாலும் வாக்காளர் ஒப்புதல் பெறாத வரியே என்று சொல்லி, 1998இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. அமெரிக்க மத்திய அரசின் கட்டடங்களோ, இது வரி, எங்களுக்கு வரிவிலக்கு உண்டு என்று பல ஊர்களில் கட்ட மறுத்தன. 2011 சனவரியில் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நியாயமான மழைநீர்க் கட்டணத்தை மத்திய அரசு அலுவலகங்களும் செலுத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். அரசு முதலில் தன் கூரைக்குக் கட்டிவிட்டுத் தங்களிடம் கேட்பதே முறை என்பது என் கருத்து.

ஏழைக் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலடெல்பியாவில் 2017 முதல், வருமானம் குறைந்தோர் தம் வருமானத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் தண்ணீர்க் கட்டணமாகச் செலுத்தினால் போதும். அந்தச் சலுகை இல்லாத மழைநீர்க் கட்டணத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: ‘சுற்றுச்சூழல் விளைவுக் கடன் பத்திரம்’ என்று ஒன்று இருப்பதாகவும், திட்டம் தோற்றால் முதலீட்டாளரே நட்டத்தை ஏற்பார் என்றும் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். இதனால் நகராட்சிக்குச் செலவே இல்லை என்று கொள்ளலாமா? – பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், மதுரை.

பதில்: கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பத்திரம் படித்துப் பார்க்கத் தகுந்ததுதான்.

வாஷிங்டன் நகரத்தின் குடிநீர், கழிவுநீர் அமைப்பான டிசி வாட்டர் 2016 செப்டம்பரில் இதை வெளியிட்டது. தொகை 2.5 கோடி டாலர், காலம் 30 ஆண்டுகள், தொடக்க வட்டி 3.43 விழுக்காடு. முதலீட்டு அமைப்புகளான கோல்ட்மேன் சாக்ஸும் கால்வர்ட் ஃபவுண்டேஷனும் வாங்கின. ராக் கிரீக் ஓடைப் பகுதியின் தெருக்களில் பசுமை அமைப்புகள் கட்டுவது திட்டம். கட்டுவதற்கு முன்னும் பின்னும் நீரோட்டத்தை அளந்தார்கள். ஓட்டம் 41.3 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் நகர அமைப்பு முதலீட்டாளருக்குக் கூடுதலாக 33 லட்சம் டாலர் தரும். 18.6 விழுக்காட்டுக்கும் கீழே நின்றுவிட்டால் முதலீட்டாளர் அதே தொகையை நகர அமைப்புக்குத் தருவார். இடைப்பட்டால் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

2021இல் முடிவு வந்தது: ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது கீழ் எல்லையை ஒட்டி, நடுத்தட்டில். எதிர்பார்த்தது நடந்தது, வாணவேடிக்கை ஏதும் இல்லை. ஆனால் அந்த நகரம் தன் தெருக்களில் இந்த அமைப்புகள் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அளந்து தெரிந்துகொண்டது. என்னைக் கேட்டால், 33 லட்சத்தைவிட அந்த அளவீடு மதிப்புள்ளது. 2019இல் அட்லாண்டா நகரமும் இதே வழியில் 1.4 கோடி டாலர் திரட்டியது.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்திரம் என்பது கடன், கடன் வருமானமாகாது. வட்டியையும் அசலையும் யாரோ அடைக்க வேண்டும். வாஷிங்டனில் அதை அடைக்க 2009 முதலே மூடிய பரப்புக்கான கட்டணம் ரசீதில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டணம் இருந்ததால்தான் கடன் கொடுக்க ஆள் வந்தார்கள். தணிக்கைக்குப் போகும் மாணவர் என்பதால் இதைத் தாங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு பசுமைத் திட்டத்தின் நிதி அறிக்கையில் ‘நிதி ஆதாரம்’ என்ற தலைப்பின் கீழ்க் கடன், பத்திரம், வெளிநாட்டு வங்கி என்று மட்டும் எழுதியிருந்தால், ஆதாரம் இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

அதே நகரத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. புதுக் கட்டடம் கட்டுவோர் 1.2 அங்குல மழையைத் தம் மனையிலேயே தேக்க வேண்டும். அதில் பாதி வரை, நகரத்தின் வேறிடத்தில் தேக்கியவரிடமிருந்து உரிமை அலகாக விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 2013 முதல் நடக்கும் இந்தச் சந்தையில் ஓர் அலகு என்பது ஒரு கேலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) நீரை ஓராண்டு தேக்கும் திறன். வாங்கியவர் பயன்படுத்தும் அலகு ஓராண்டுக்கே செல்லும், பிறகு புதிதாக வாங்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். தேக்கியவர் தன் தோட்டத்தைப் பராமரித்தால்தான் அடுத்த ஆண்டும் விற்க முடியும்.

கேள்வி: பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஏரியையும் வாய்க்காலையும் ஊரே பராமரித்த நாடு நம்முடையது. இதற்கெல்லாம் அமெரிக்காவை உதாரணம் காட்டத்தான் வேண்டுமா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: வேண்டியதில்லை, ஐயா. தங்கள் கடிதத்தை வாசித்ததும் உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. அவற்றுள் ஏரி வாரியம் ஒன்று. உறுப்பினர் ஆறு பேர். ஏரியைக் காக்க ஆள் நியமித்ததோடு நம் முன்னோர் நிற்கவில்லை. அதற்குப் பணமும் ஒதுக்கினார்கள். ஏரிப்பட்டி என்று நிலம் விட்டார்கள்; அந்த நிலத்தின் விளைச்சல் ஏரியைத் தூர்வாருவதற்கும் கரையைப் பலப்படுத்துவதற்கும் உரியது. ஏரி வெட்டியபோதே அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வருமானம் தரும் ஓர் ஆதாரத்தையும் கட்டிவைத்தார்கள் என்பதே இதில் நாம் பார்க்க வேண்டியது.

பின்னால் ஆங்கிலேயர் ஆட்சியில் நில வருவாய் கருவூலத்துக்குப் போனது. பராமரிப்பு மட்டும் ஊர் மக்களின் குடிமராமத்து உழைப்பாக எஞ்சியது. 1858இல் அதைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்தில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வருமானத்தைப் பிரித்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்டால் ஏற்பாடு தளரும் என்பது தாங்கள் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கக்கூடியதே.

மழைத் தோட்டத்துக்கும் மரக்குழிக்கும் இது அப்படியே பொருந்தும். சுரங்கத்தை ஒருமுறை கட்டிவிட்டால் பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். மரக்குழியின் வாயில் இலையும் பாலிதீன் பையும் அடைத்துக்கொள்ள ஒரே மழை போதும். நீர் ஊடுருவும் தளத்தில் மண் படிந்தால், அதை உறிஞ்சி எடுக்காவிட்டால் அது வெறும் சிமென்ட் தளமாகிவிடும். ஆகவே கட்டுமானத்துக்கு மட்டும் மானியம் கொடுத்துவிட்டு, பராமரிப்புக்குத் தனிக் கணக்கு வைக்காத பசுமைத் திட்டம் எதுவானாலும், அது ஏரிப்பட்டி விடாமல் ஏரி வெட்டுவதற்குச் சமம்.

கேள்வி: சென்னையில் மழைநீர் வடிகாலுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் செலவாகிறது. பசுமை முறைக்கு மட்டும் தமிழ்நாட்டில் பணம் திரட்ட வழி உண்டா? – வாசகி, சென்னை.

பதில்: முதலில் ஒரு வேறுபாடு. பிலடெல்பியாவைப் போலன்றி, சென்னையில் பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் திட்டப்படி வேறு வேறு. எனவே அங்கே ஆறு மாசுபடாமல் காப்பது நோக்கம். இங்கே தெருவும் வீடும் மூழ்காமல் காப்பதும் நிலத்தடி நீரை ஏற்றுவதும் நோக்கம். ஒரே நாளில் 20, 30 சென்டிமீட்டர் கொட்டும் ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழையை மழைத் தோட்டம் தாங்காது. சதுப்பு நிலமும் ஏரியும் பெரிய கால்வாயும்தான் அதைத் தாங்கும். தோட்டமும் மரக்குழியும் சாதாரண மழைக்கு. இதை மறைத்துப் பணம் கேட்டால், முதல் புயலிலேயே மக்கள் நம்பிக்கை போய்விடும்.

நிதிக்கு வருவோம். பெரிய வடிகால் பணிகள் இங்கே பெரும்பாலும் கடனில் நடக்கின்றன. கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் தருகிறது. நான் முன்பு சொன்ன கேள்வி இங்கேயும் எழுகிறது: அடைப்பது எதிலிருந்து? சொத்து வரியிலிருந்தும் மாநில அரசின் பொதுப் பணத்திலிருந்தும்தான். சொத்து வரியோ கட்டடத்தின் பரப்பையும் அது நிற்கும் தெருவின் மதிப்பையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. முற்றம் முழுவதும் சிமென்ட் போட்டவருக்கும், அதே அளவு கட்டடம் கட்டி முற்றத்தை மண்ணாக விட்டவருக்கும் வரியில் வேறுபாடு தெரியாது. பிலடெல்பியாவின் பழைய மீட்டர்க் கணக்கில் இருந்த குறைதான் இது.

இந்தியாவில் நகராட்சிகள் பசுமைப் பத்திரம் வெளியிடத் தொடங்கிவிட்டன. காசியாபாத் 2021இல் 150 கோடி ரூபாய் திரட்டியது. இந்தூர் 2023இல் 244 கோடி. முன்னது கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்கு, பின்னது சூரிய மின்சாரத்துக்கு. இரண்டிலும் விற்க ஒரு பொருளோ மிச்சமாகும் மின் கட்டணமோ இருக்கிறது. மரக்குழியில் விற்க ஏதும் இல்லை. மூடிய பரப்புக்கு ஒரு சிறு கட்டணமும், தேக்குவோருக்கு அதில் கழிவும் இருந்தால் மட்டுமே மரக்குழிக்குப் பத்திரம் எழுத முடியும். பெரிய வணிக வளாகங்கள், கிடங்குகள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, வீடுகளை முதல் சில ஆண்டுகளுக்கு விட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

சிறு நகராட்சிகளுக்குச் சந்தையில் தனியாகக் கடன் கிடைக்காது என்பார்கள். தமிழ்நாடு இதற்கு ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறது. 2002 டிசம்பரில் 13 சிறு நகர அமைப்புகளின் குடிநீர், சுகாதாரப் பணிகளை ஒன்றுசேர்த்து, கூட்டு நிதியமாக 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள். மழைநீருக்கும் அது பொருந்தாமற்போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பணமே திரட்டாமல் செய்த வழியும் உண்டு. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, செலவு முழுவதும் வீட்டுக்காரர்களிடம் போனது. சில மாதங்களில் மாநிலமெங்கும் குழிகள் தோண்டப்பட்டன. நிலத்தடி நீர் உயர்ந்ததைப் பலரும் கண்ணால் கண்டார்கள். ஆனால் தோண்டிய குழியை ஆண்டுதோறும் சுத்தம் செய்கிறவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. தூர்ந்துபோக விட்டவருக்கு எந்தச் செலவும் இல்லை.

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வீடுகள். சங்கத்தின் மூலம் இத்தகைய பணிக்குப் பணம் சேர்க்க எண்ணுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

பதில்: கணக்கிலிருந்து தொடங்குங்கள். மொட்டை மாடி 20,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 1,85,000 லிட்டர் அதில் விழும். வாகனங்கள் நிற்கும் தளத்தையும் இதேபோல் அளந்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். தங்கள் பகுதியில் களிமண்ணும், மழைக்காலத்தில் மேலேறி நிற்கும் நிலத்தடி நீரும் உண்டு என்பதால், எல்லா இடத்திலும் உறிஞ்சுகுழி பயன்தராது. குழி தோண்டுவதற்கு முன், ஓரிடத்தில் சிறு பள்ளம் வெட்டி நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். இறங்காவிட்டால், மாடி நீரை வடிகட்டித் தொட்டியில் சேர்ப்பதே நல்லது; லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும்.

கட்டுமானச் செலவை ஒருமுறை வசூலாக வைத்துக்கொள்ளலாம். அதை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா, வீட்டின் சதுர அடிப்படி பிரிப்பதா என்பதைப் பொதுக்குழுவே தீர்மானிக்கட்டும். எப்படிப் பிரித்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேற வேண்டும்: மாதப் பராமரிப்புத் தொகையில் மழைநீருக்கென்று ஒரு தலைப்பு தனியாக இருக்கும், ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறப்பதற்குள் மாடிக் குழாய்களைத் துடைத்து, வடிகட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட்டு, தொட்டியின் வண்டலை வாரி, செலவுச் சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.